பாவமும் மீட்பும்: ஒரு கிறித்தவக் கோட்பாட்டின் சொல்வரலாறு

1. முன்னுரை

ஒரு சமயம் தான் தோன்றிய மொழியை விட்டு வேறொரு மொழிக்குச் செல்லும்போது, அதன் அடிப்படைக் கருத்துகளுக்குப் புதிய மொழியில் சொற்கள் தேவைப்படுகின்றன. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்படும் சொற்கள் முன்பே வேறு பொருளைத் தாங்கி நிற்பவை. வழிபாடு, சட்டம், வாணிகம், அன்றாடப் பேச்சு ஆகியவற்றில் பழகிய சொற்களே புதிய கோட்பாட்டுக்கும் பயன்படுத்தப்படுகின்றன. ஆகவே கோட்பாடு சொல்லின் பொருளை மாற்றுகிறது. சொல்லும் தன் பழம்பொருளால் கோட்பாட்டை மாற்றுகிறது. இவ்விருவழி மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் சான்றுகளுள் ஒன்று பாவம், மீட்பு ஆகியவை பற்றிய கிறித்தவக் கோட்பாடாகும்.

கிறித்தவம் தொடக்கம் முதலே மொழிபெயர்ப்பில் வளர்ந்த சமயம். இயேசு பேசிய மொழி அரமேயம். அவருடைய போதனைகளைக் கூறும் நற்செய்தி நூல்கள் கிரேக்கத்தில் உள்ளன. அவர் ஓதிய மறைநூல் எபிரேயத்தில் அமைந்தது. மேலைத் திருச்சபையோ ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இவையனைத்தையும் இலத்தீனில் படித்தது. பதினாறாம் நூற்றாண்டில் அக்கோட்பாடு தமிழில் அச்சேறியது. மனிதன் பிறக்கும்போதே குற்றவாளியா, மன்னிக்கப்பட்டவன் உண்மையில் மாறிவிடுகிறானா என்னும் வினாக்களுக்கான விடைகள், இப்பயணத்தில் கையாளப்பட்ட சில சொற்களோடு நெருங்கிய தொடர்புடையவை. அச்சொற்களின் வரலாற்றை எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், தமிழ் ஆகிய நான்கு மொழிகளின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. எபிரேயமும் கிரேக்கமும்

எபிரேய மறைநூலில் பாவத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் மூன்று முதன்மையானவை. 'ஹட்டாத்' என்பது குறி தவறுதல் என்னும் அடிப்படைப் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. நீதித்தலைவர் நூலின் இருபதாம் இயலில், கவண்கல்லை மயிரிழையும் தவறாமல் எறியும் வீரர்களைப் பற்றிய செய்தியில் இதே வேர்ச்சொல் சமயச் சார்பின்றி வருகிறது. 'ஆவோன்' என்பது வளைதல், கோணுதல் என்னும் பொருளோடு தொடர்புடையது. கோணிய செயலையும், அதனால் வரும் குற்றப் பொறுப்பையும், அதற்குரிய தண்டனையையும் அவ்வொரு சொல்லே குறிக்கும். 'பெஷா' என்பது உறவை முறித்தல், தலைவனை எதிர்த்தெழுதல் என்னும் பொருளுடையது. இம்மூன்றிலும் பாவம் என்பது இறைவனுக்கும் மக்களுக்கும் இடையிலான உடன்படிக்கை உறவில் நேரும் முறிவாகவே கருதப்படுகிறது.

மீட்பைக் குறிக்கும் எபிரேயச் சொற்களும் வாழ்க்கையிலிருந்தே எடுக்கப்பட்டவை. வறுமையால் நிலத்தை விற்றவனுக்கும் தன்னையே அடிமையாக விற்றவனுக்கும் நெருங்கிய உறவினன் விலை கொடுத்து அவற்றைத் திரும்பப் பெற்றுத் தரவேண்டும் என்பது லேவியர் நூலின் இருபத்தைந்தாம் இயல் கூறும் முறை. இக்கடமையைச் செய்தல் 'காஅல்' எனப்பட்டது. செய்பவன் 'கோஏல்' எனப்பட்டான். உறவின் கடமை சாராது விலை கொடுத்து விடுவித்தலுக்குப் 'பாதா' என்னும் வினை வழங்கியது. இறைவனை மீட்பர் என்று எபிரேயர் அழைத்தபோது குடும்ப உறவு, நிலம், கடன், அடிமைநிலை ஆகிய நான்கும் அச்சொல்லில் அடங்கியிருந்தன.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதல் எபிரேய மறைநூல் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டது. எழுபதின்மர் பெயர்ப்பு எனப்படும் இந்நூலில் பாவத்தைக் குறிக்கும் பல எபிரேயச் சொற்களுக்கு 'ஹமார்த்தியா' என்னும் ஒரே சொல் அடிக்கடி வருகிறது. இதன் வினைவடிவம் ஹோமரின் காப்பியங்களில் ஈட்டி இலக்குத் தவறுவதைக் குறிக்கும். அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் அவல நாடகத் தலைவனின் வீழ்ச்சிக்குக் காரணமான பிழையை இச்சொல்லால் சுட்டினார். குறி தவறுதல் என்னும் உருவகம் இரு மொழிக்கும் பொதுவாக அமைந்தது பெயர்ப்பாளர்களுக்கு வாய்ப்பாயிற்று. ஆயினும் பல சொற்கள் ஒன்றானபோது முறிவு, கோணல் ஆகிய நுண்பொருள்கள் மங்கின. மீட்புச் சொற்களிலும் இந்நிலையே நேர்ந்தது. 'காஅல்', 'பாதா' ஆகிய இரண்டுக்கும் விலை கொடுத்து விடுவித்தல் என்னும் ஒரே கிரேக்க வினை பயன்படுத்தப்பட்டது. உறவினனின் கடமை என்னும் கூறு சொல்லளவில் மறைந்தது.

பவுல் தம் மடல்களில் இக்கிரேக்கச் சொற்களுக்குப் புதிய வலிமையைத் தந்தார். உரோமையருக்கு எழுதிய மடலில் 'ஹமார்த்தியா' பெரும்பாலும் ஒருமையில் வருகிறது. அது ஆளுகிறது, குடியிருக்கிறது, அடிமைப்படுத்துகிறது. தனித்தனிச் செயல்களின் பெயராக இருந்த சொல், மனிதர்மேல் ஆட்சி செலுத்தும் ஓர் ஆற்றலின் பெயராகி வாக்கியத்தின் எழுவாய் இடத்தைப் பெற்றது. மீட்பைக் குறிக்கும் 'சோத்தேரியா' என்னும் சொல்லோ நோய் தீர்தல், கடலில் தப்பித்தல், போரில் உயிர் காத்தல் ஆகிய பொருள்களோடு வழங்கிய பொதுச்சொல்லாகும். நற்செய்தி நூல்களில் நோய் குணமாதலுக்கும் பாவத்திலிருந்து மீட்புப் பெறுதலுக்கும் ஒரே வினை ஆளப்படுவதற்கு இதுவே காரணம்.

அரமேய வழக்கின் சுவடும் கிரேக்கத்தில் தங்கியுள்ளது. அரமேயத்தில் கடனையும் பாவத்தையும் ஒரே சொல் குறிக்கும். இயேசு கற்பித்த வேண்டுதலை மத்தேயு 'கடன்கள்' என்னும் சொல்லாலும், லூக்கா 'பாவங்கள்' என்னும் சொல்லாலும் தருவதை அறிஞர் இவ்வழக்கைக் கொண்டு விளக்குவர்.

3. இலத்தீனும் பிறப்புவழிப் பாவமும்

கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கு வந்தபோது முதலில் சொற்பஞ்சம் தோன்றியது. கி.மு. 70இல் வெர்ரேஸ் என்னும் ஆளுநர்க்கு எதிரான வழக்குரையில் சிசரோ, 'சோத்தேர்' என்னும் கிரேக்கப் பட்டத்தின் பொருளை ஒரே இலத்தீன் சொல்லால் கூற இயலாது என்று குறித்திருந்தார். கிறித்தவர் 'சால்வாத்தோர்' என்னும் சொல்லைப் படைத்துக்கொண்டனர். இலக்கண ஆசிரியர்கள் ஏற்காத இச்சொல்லை அகுஸ்தீன் (354-430) வெளிப்படையாகவே ஆதரித்தார். மீட்பர் வருவதற்கு முன் அச்சொல் இலத்தீன் இல்லை; அவர் வந்தபின் அதுவும் இலத்தீன் ஆயிற்று என்பது அவர் கருத்தின் சாரம். புதிய பொருள் புதிய சொல்லைப் பிறப்பித்தமைக்கு இது சான்றாகும்.

இதற்கு மாறாக, சொல் கோட்பாட்டை வலுப்படுத்திய நிகழ்ச்சி உரோமையர் மடலின் ஐந்தாம் இயல், பன்னிரண்டாம் வசனத்தில் காணப்படுகிறது. ஆதாம் என்னும் ஒரு மனிதன் வழியாகப் பாவமும் சாவும் உலகில் நுழைந்ததைக் கூறும் அவ்வசனத்தின் இறுதித் தொடர் கிரேக்கத்தில் 'எஃப் ஹோ' என்று தொடங்குகிறது. இடைச்சொல்லும் சுட்டும் சேர்ந்த இத்தொடர் 'ஏனெனில்' என்னும் காரணப்பொருளைத் தரும் என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இலத்தீன் பெயர்ப்பில் இது 'இன் குவோ' என்றாயிற்று. இதனை 'எவனுள்' என்று படிக்க இடமுண்டு. அவ்வாறு படித்தால், எல்லாரும் பாவம் செய்ததால் எல்லாருக்கும் சாவு வந்தது என்னும் பொருள் மாறி, எல்லாரும் ஆதாமுக்குள்ளேயே பாவம் செய்துவிட்டனர் என்னும் பொருள் கிடைக்கிறது. நான்காம் நூற்றாண்டில் எழுதிய, பெயர் தெரியாத உரையாசிரியர் ஒருவர் இப்பொருளையே கொண்டார். பிற்காலத்தார் அவரை அம்புரோசியாஸ்தர் என்று அழைத்தனர்.

அகுஸ்தீனுக்கும் பெலாஜியுஸுக்கும் நடந்த வாதத்தில் இப்பாடம் பெரும்பங்கு பெற்றது. பிரித்தானியாவிலிருந்து உரோமை நகருக்கு வந்த துறவி பெலாஜியுஸ். ஆதாமின் பாவம் பிறர்க்குத் தீய முன்மாதிரியாக அமைந்ததேயன்றி அவர்களைக் குற்றவாளிகளாக்கவில்லை என்றும், ஒவ்வொருவரும் தம் விருப்பத்தாலேயே பாவம் செய்கின்றனர் என்றும் அவர் கருதினார். அகுஸ்தீனோ மனித இனம் முழுவதும் ஆதாமுக்குள் பாவத்தில் பங்குகொண்டது என்றார். பாவமன்னிப்புக்கென்று வழங்கப்படும் திருமுழுக்கைக் கைக்குழந்தைகளும் பெறுகின்றன. அவற்றுக்குச் சொந்தப் பாவம் இல்லையாகலின், பிறப்பிலேயே ஒரு பாவம் இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். ஆகவே அவர் கோட்பாடு ஒரு சொல்லை மட்டும் நம்பி எழுந்தது என்று கூறுதல் பொருந்தாது. எனினும் மறைநூற் சான்றாக அவர் காட்டியவற்றுள் இத்தொடர் தலையாயது. 418இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் கொள்கையை மறுத்தது. 529இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் மீட்பின் தொடக்கமே இறையருளால் நிகழ்வது என்று உறுதி செய்தது.

கிரேக்கம் தாய்மொழியாக இருந்த கீழைத் திருச்சபையில் இவ்வாதம் இவ்வடிவில் எழவில்லை. ஆதாமிடமிருந்து மக்கள் பெற்றது சாவும் நலிவுமே, குற்றப்பொறுப்பன்று என்னும் கருத்து அங்கு மேலோங்கி நின்றது. ஒரே மறைநூலைப் படித்த இரு திருச்சபைகள் இருவேறு மனித இயல்புக் கொள்கைகளை அடைந்தமைக்குரிய காரணங்களுள் மொழி வேறுபாடும் ஒன்று எனலாம்.

இது ஏட்டளவில் நின்ற வேறுபாடன்று. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகள் மிக மெல்லிய வடிவிலேனும் தண்டனைக்குரியன என்று அகுஸ்தீன் கருதினார். இடைக்கால அறிஞர் இக்கடுமையைக் குறைத்து, துன்பமும் பேரின்பமும் இல்லாத 'லிம்போ' என்னும் நிலையை வகுத்தனர். ஆயினும் அத்தகைய குழந்தைகளுக்குத் திருநிலைப்படுத்தப்பட்ட இடுகாட்டில் இடம் மறுக்கப்பட்டது. குழந்தையை இழந்த பெற்றோர் பல நூற்றாண்டுகள் இத்துயரையும் சேர்த்துச் சுமந்தனர். 2007இல்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் பன்னாட்டு இறையியல் குழு, அக்குழந்தைகளும் மீட்படைவர் என நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று அறிவித்தது.

4. சீர்திருத்தக் காலத்துச் சொல்லாராய்ச்சி

பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் கிரேக்கக் கல்வி மேலை ஐரோப்பாவில் புத்துயிர் பெற்றபோது, இலத்தீன் சொற்கள் மீண்டும் மூலத்தோடு ஒப்பிடப்பட்டன. 'மெத்தனோயா' என்னும் கிரேக்கச் சொல் மனம் மாறுதலைக் குறிப்பது. இலத்தீன் பெயர்ப்பில் அதன் ஏவல் வடிவம் 'பெனித்தென்சியா செய்யுங்கள்' என்னும் பொருளில் அமைந்திருந்தது. 'பெனித்தென்சியா' என்பது மனவருத்தத்தை மட்டுமன்றி, குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு, அவர் விதிக்கும் கழுவாயை நிறைவேற்றும் சடங்கையும் காலப்போக்கில் குறித்தது. எனவே இலத்தீனில் படித்தவர்க்கு அவ்வசனம் அச்சடங்கைச் செய்யுமாறு இயேசு கட்டளையிட்டதாகத் தோன்றியது.

இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா இவ்வேறுபாட்டைத் தம் குறிப்புரைகளில் சுட்டினார். அவற்றை 1505இல் அச்சிட்ட எராஸ்மஸ், 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைத் தம் சொந்த இலத்தீன் பெயர்ப்புடன் வெளியிட்டார். 1517இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கருத்துரைகளின் முதலிரண்டும் இச்சொல்லைப் பற்றியவையே. கிறித்து வேண்டிய மனமாற்றம் வாழ்நாள் முழுவதும் தொடர்வது, அது குருக்கள் நடத்தும் சடங்கைக் குறிக்காது என்பது அவற்றின் கருத்து. ஐரோப்பியத் திருச்சபையைப் பிளந்த வாதம் ஒரு சொல்லின் பொருளாராய்ச்சியில் தொடங்கியது என்பது மொழியியலார் கருதத்தக்கது.

அடுத்து எழுந்த வாதம் இன்னும் நுண்ணியது. பவுல் ஆளும் 'திக்கையோ' என்னும் கிரேக்க வினை, நீதிமன்றத்தில் ஒருவனைக் குற்றமற்றவன் என்று தீர்ப்பளித்தலைக் குறிக்கும் வழக்குடையது. இலத்தீனில் இதற்கு 'யுஸ்திஃபிகாரே' என்னும் சொல் படைக்கப்பட்டது. நீதி, செய்தல் என்னும் இரு கூறுகளின் சேர்க்கையாதலால் அது 'நீதியுள்ளவனாகச் செய்தல்' என்னும் பொருளைத் தந்தது. அகுஸ்தீன் அவ்வாறே விளக்கினார். லூத்தரும், கிரேக்கப் பேராசிரியரான அவருடைய துணைவர் மெலாங்க்தனும் தீர்ப்பளித்தல் என்னும் பொருளை முன்னிறுத்தினர். மனிதன் இன்னும் பாவியாக இருக்கும்போதே, கிறித்துவின்பொருட்டு நீதிமானாக எண்ணப்படுகிறான் என்பது அவர்கள் கொள்கை. 1547இல் திரெந்துப் பொதுச்சங்கம் இதற்கு மறுமொழியாக, அது பாவமன்னிப்பு மட்டுமன்று, உள்ளத்தின் தூய்மையும் புதுப்பித்தலுமாகும் என்று வரையறுத்தது. இக்கருத்து வேறுபாடு நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இப்பொருள் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, அடிப்படைக் கருத்தில் உடன்பாடு கண்டன.

5. தமிழில் பாவம்

இவ்வாதங்கள் ஐரோப்பாவில் தணியாதிருந்த காலத்திலேயே அக்கோட்பாடு தமிழுக்கு வந்தது. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்திலும், 'கிரிசித்தியானி வணக்கம்' 1579இல் கொச்சியிலும் அச்சாயின. பாவ அறிக்கை பற்றிய அவரது நூல் 'கொம்பெசியொனாயரு' என்னும் பெயர் பெற்றது. இறைவனுக்குத் தமிழ்ப்பெயரையும் சடங்குக்குப் போர்த்துகீசியப் பெயரையும் ஆண்ட முறை இத்தலைப்புகளிலேயே விளங்குகிறது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இம்முறையை மாற்றி, வடமொழிவழிச் சொற்களால் ஒரு கலைச்சொல் தொகுதியை உருவாக்கினார். பாவ அறிக்கை 'பாவசங்கீர்த்தனம்' என்று கத்தோலிக்கரிடையே வழங்கியதும் அம்மரபில் வந்ததே.

பெயர்ப்பாளர் முன் இருந்த சொற்கள் வினை, குற்றம், பிழை, பாவம் என்பன. இவற்றுள் 'பிழை' தனித்த நோக்குக்குரியது. குறி தப்புதலே அதன் வினைவடிவத்தின் பழம்பொருள்களுள் ஒன்று. யானைக்கு எறிந்து தவறிய வேலைத் திருக்குறள் (772) இச்சொல்லாலேயே குறிக்கிறது. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் உள்ள அதே உருவகம் தமிழிலும் இருக்கிறது. அதற்கு மேலும், 'உயிர் பிழைத்தான்' என்னும் வழக்கில் அச்சொல் இறப்பினின்று தப்புதலையும் குறிக்கிறது. பாவத்துக்கும் மீட்புக்கும் உரிய இரு பொருள்களும் ஒரே வேரில் அமைந்திருப்பது வியப்புக்குரியது. சைவ வைணவப் பாடல்களில் அடியவர் தம் பிழை பொறுக்குமாறு இறைவனை வேண்டும் மரபும் உண்டு. ஆயினும் பிழை என்னும் சொல் கணக்கிலும் எழுத்திலும் நேரும் தவற்றையும் குறிப்பதால், சாவைக் கொணரும் கேட்டுக்கு அது போதிய எடையுடையதாகத் தோன்றாதிருந்திருக்கலாம். வேர்ப்பொருள் ஒத்திருந்தாலும் வழக்குப்பொருளே தேர்வை முடிவு செய்கிறது.

'வினை' நேர்மாறான இடரைக் கொண்டது. வினை தன் பயனைத் தானே விளைப்பது. செய்தவன் நுகர்ந்தே தீரவேண்டும் என்பது பொதுக்கருத்து. கிறித்தவக் கோட்பாட்டிலோ பாவம் ஒருவருக்கு எதிராகச் செய்யப்படுவது. ஆகவே அவரால் மன்னிக்கப்படக் கூடியது. 'பாவம்' என்னும் சொல்லே முடிவில் நிலைபெற்றது. திருக்குறள் காலத்திலேயே தமிழில் வழங்கிய இவ்வடசொல் போதிய எடையும் பொதுமையும் உடையது. எனினும் அதுவும் வினைக்கொள்கையின் நிழலில் வளர்ந்த சொல்லே. துன்பப்படுவோரைக் கண்டு 'ஐயோ, பாவம்' என்று இரங்கும் பேச்சுவழக்கு இதனைக் காட்டும். துன்பத்தைப் பாவத்தின் பயனாகக் கண்ட பழைய எண்ணம் இவ்வழக்கின் அடியில் இருப்பதாகக் கருதலாம். இன்று அக்குறிப்பு மறைந்து இரக்கம் மட்டுமே எஞ்சியுள்ளது. பாவி என்று தன்னை அழைத்துக்கொள்ளும் கிறித்தவன் கூற நினைப்பது குற்றப்பொறுப்பை. அயலார் செவியில் அது இரங்கத்தக்க நிலையாகவும் ஒலிக்கக் கூடும்.

அகுஸ்தீன் வகுத்த பிறப்புவழிப் பாவத்துக்குச் 'சென்மபாவம்' என்றும், அவரவர் செய்யும் பாவத்துக்குக் 'கர்மபாவம்' என்றும் பெயர்கள் அமைந்தன. இங்குச் சிக்கல் மிகுதி. முற்பிறவியில் செய்தது இப்பிறவியில் தொடரும் என்று நம்பிய சூழலில், சென்மத்தோடு வரும் பாவம் எனின் தான் முன்பு செய்த பாவம் என்றே பொருள்கொள்ளப்படும். ஆதாம் செய்தது தனக்கு எவ்வாறு வந்தது என்னும் வினா அங்கு எழுவதேயில்லை. நொபிலி மறுபிறப்பை மறுத்துப் 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்னும் தனிநூல் எழுதியதை இப்பின்னணியிலும் நோக்கலாம். மறுபிறப்புக் கொள்கை விலக்கப்பட்டாலன்றி அச்சொல் கிறித்தவப் பொருளைத் தர இயலாது.

சீர்திருத்தத் திருச்சபையின் பணி 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவால் தொடங்கியது. அவருடைய புதிய ஏற்பாட்டுப் பெயர்ப்பு 1714-1715இல் அச்சாயிற்று. பின்வந்த பல திருத்தங்களுக்குப் பிறகு 1871இல் வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பு இன்றும் அச்சபைகளில் பெருவழக்காக உள்ளது. எழுபதின்மர் பெயர்ப்பில் கலந்துபோன எபிரேயச் சொற்களை இது வேறுபடுத்துகிறது. ஐம்பத்தொன்றாம் திருப்பாடலின் தொடக்கத்தில் மீறுதல், அக்கிரமம், பாவம் என மூன்று தனிச்சொற்கள் வருகின்றன. உரோமையர் மடலின் சிக்கலான தொடரும் 'செய்தபடியால்' எனக் காரணப்பொருளிலேயே பெயர்க்கப்பட்டுள்ளது. இலத்தீன் தந்த பாடம் தமிழ்ப் பெயர்ப்பின் வாசகர்க்குக் கிடைப்பதில்லை. ஆயினும் சென்மபாவம் என்னும் கோட்பாட்டுச் சொல் அவர்களிடையேயும் வழங்குவது, கோட்பாடும் மறைநூற் பாடமும் தனித்தனி வழிகளில் பயணம் செய்வதைக் காட்டுகிறது.

1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பாகிய 'திருவிவிலியம்', அதே திருப்பாடலில் குற்றம், தீவினை, பாவம் என்னும் சொற்களை ஆள்கிறது. இடருடையதென மேலே கண்ட 'வினை' இங்கு இடம்பெற்றுள்ளது. தனித்தமிழ் இயக்கத்தின் செல்வாக்கும், தீவினை என்பது தீய செயல் என்னும் பொதுப்பொருளை இக்காலத் தமிழில் பெற்றிருப்பதும் இதற்குத் துணையாயின எனலாம்.

6. தமிழில் மீட்பு

மீட்பைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவத்தில் இரண்டு சொற்கள் நிலைபெற்றன. 'இரட்சிப்பு' என்பது காத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரினது. காத்தல் என்பது இடையறாது தொடரும் செயல். வைணவ மரபில் திருமாலை இரட்சகனாகக் கூறும் வழக்கு உண்டு. வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) தம் காப்பியத்துக்கு 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) எனப் பெயரிட்டபோது, அச்சொல் இரு மரபிலும் பழகிய செவிக்கு அயன்மையாக இருந்திராது.

'மீட்பு' என்பது இழந்ததைத் திரும்பப் பெறுதல். அடகு வைத்த நகையையும் ஒற்றி வைத்த நிலத்தையும் மீட்டல் இன்றைய வழக்கு. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டலைக் கரந்தைத் திணையாகப் புறப்பொருள் இலக்கணம் கூறும். கடன், நிலம், போர் ஆகிய இப்புலங்கள் எபிரேயச் சொற்களின் புலத்தோடு பெரிதும் ஒத்தவை. முன்பு தனக்கு உரியதாக இருந்ததையே ஒருவர் மீட்க முடியும். ஆகவே மனிதன் முதலில் இறைவனுக்கு உரியவன் என்னும் கருத்து, கூறாமலே இச்சொல்லில் அடங்கியுள்ளது.

பவர் மொழிபெயர்ப்பு இவ்விரண்டையும் வேறுபடுத்தி ஆள்கிறது. 'சோத்தேரியா' இரட்சிப்பு என்றும், விலை கொடுத்து விடுவித்தலைக் குறிக்கும் சொல் மீட்பு என்றும் பெயர்க்கப்படுகின்றன. திருவிவிலியத்தில் முன்னதற்கும் மீட்பு என்னும் சொல்லே வருகிறது. தூய தமிழ் நடைக்கு இது நலம் தந்தது. மூலத்தில் இருந்த வேறுபாடு குறைந்ததும் உண்மை. உறவினன் கடமை என்னும் பழைய கூறு பவர் மொழிபெயர்ப்பிலும் முழுமையாகத் தெரிவதில்லை. 'கோஏல்' என்னும் ஒரே எபிரேயச் சொல் யோபு நூலில் 'மீட்பர்' என்றும், ரூத்து நூலில் 'சுதந்தரவாளி' என்றும் பெயர்க்கப்பட்டுள்ளதால், இரண்டும் ஒன்றென்பதை வாசகர் உணர்வது அரிது.

சொல்லைப் போலவே வாக்கிய அமைப்பும் கருதத்தக்கது. வீடு பெறுதல், முத்தி அடைதல், நற்கதி எய்துதல் ஆகிய தொடர்களில் மனிதனே எழுவாய். கிறித்தவத் தமிழில் 'இரட்சிக்கப்படுதல்' என்னும் செயப்பாட்டு வடிவம் வலிமை பெற்றது. இங்குச் செய்பவர் இறைவன். மனிதன் அதற்கு உள்ளாகுபவன். பெலாஜியுஸை மறுத்த அகுஸ்தீனின் கொள்கை தமிழ் இலக்கணத்தில் 'படு' என்னும் துணைவினையாக அமைந்துள்ளது என்று கூறினும் பொருந்தும். இறைவனைச் செய்பவராகக் கொள்ளும் அமைப்பு தமிழுக்குப் புதியதன்று. 'ஆட்கொள்ளுதல்' என்னும் பக்தி இயக்கச் சொல்லும் அத்தகையதே. ஆனால் அங்கு அடிமையாக ஏற்றுக்கொள்ளப்படுதலே பேறு. எபிரேய மரபிலோ அடிமைநிலையினின்று விடுபடுதல் பேறு. 'இரட்சிக்கப்பட்டவர்' என்னும் இறந்தகால வடிவம், மனமாற்ற அனுபவம் பெற்றோரைச் சுட்டும் குழுப்பெயராகச் சீர்திருத்தச் சபையார் சிலரிடையே வழங்குகிறது. பவுல் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றிலும் கூறிய ஒன்று, இவ்வழக்கில் ஒரு காலத்துக்கே உரியதாகச் சுருங்கிவிட்டது.

ஐரோப்பாவைப் பிரித்த 'நீதிமானாதல்' பற்றிய வாதம் தமிழில் எவ்வாறு தோன்றுகிறது என்பதும் ஆராயத்தக்கது. பவர் மொழிபெயர்ப்பு 'நீதிமானாக்குதல்' என்னும் வினையையும், திருவிவிலியம் 'ஏற்புடையவராக்குதல்' என்னும் வினையையும் ஆள்கின்றன. இரண்டும் 'ஆக்கு' என்னும் ஒரே வினையைக் கொண்டவை. லூத்தரின் மரபில் வந்த பெயர்ப்பும் 'செய்தல்' பொருளுடைய இலத்தீன் அமைப்பையே ஒத்திருப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் தமிழில் 'ஆக்கு' இருவகைப் பொருளுடையது. 'நெல்லை அரிசியாக்கினார்' என்பதில் பொருளின் இயல்பு மாறுகிறது. 'அவரைத் தலைவராக்கினர்' என்பதில் அறிவிப்பால் நிலை மட்டும் மாறுகிறது. ஆகவே லூத்தரின் கொள்கையுடையோரும் திரெந்துச் சங்கத்தின் கொள்கையுடையோரும் ஒரே தமிழ்த் தொடரைத் தத்தம் கருத்துக்கேற்பப் படிக்க இயலும். 1999இல் நீண்ட கலந்துரையாடலுக்குப் பின் எய்திய உடன்பாட்டுக்குத் தமிழ் வினை முன்பே இடம் தந்திருந்தது. இது பெயர்ப்பாளர் திட்டமிட்டதன்று. மொழியின் இயல்பால் அமைந்தது.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பாவம், மீட்பு ஆகியவை பற்றிய கிறித்தவக் கோட்பாடு ஒவ்வொரு மொழிமாற்றத்திலும் சிலவற்றை இழந்து சிலவற்றைப் பெற்றுள்ளது. உடன்படிக்கை முறிவு என்னும் எபிரேயக் கருத்து கிரேக்கத்தில் மங்கியது. அங்கு அது ஆளும் ஆற்றலாக வளர்ந்தது. இலத்தீன் அதற்குச் சட்டத்தின் தெளிவையும், பிறப்போடு வரும் குற்றம் என்னும் சுமையையும் தந்தது. தமிழ் அதனை வினைக்கொள்கையோடு எதிர்நிறுத்தி, பழைய சொற்களுக்குப் புதிய பொருளை ஏற்றியது.

சொல் ஒன்றே கோட்பாட்டைப் படைத்துவிடுவதில்லை. அகுஸ்தீனின் கொள்கைக்கும் லூத்தரின் கொள்கைக்கும் வழிபாடு, அனுபவம், சமூகச் சூழல் ஆகியவையும் காரணங்களாக இருந்தன. ஆயினும் எவ்விடத்தில் வாதம் எழும், எவ்விடத்தில் எழாது என்பதைச் சொற்கள் பெரிதும் வரையறுக்கின்றன. கிரேக்கர் கேட்காத வினாவை இலத்தீனர் கேட்டனர். இலத்தீனர் பிளவுபட்ட இடத்தில் தமிழ்த் தொடர் இரு சாராருக்கும் பொதுவாக நிற்கிறது. குழந்தையின் கல்லறைக்கு இடம் தருவதா மறுப்பதா என்பதில்கூட ஓர் இடைச்சொல்லுக்குப் பங்கிருந்ததை நோக்கின், சமய நூல்களைப் பெயர்ப்போரின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பது விளங்கும். தமிழ்க் கிறித்தவக் கலைச்சொற்களின் முழுமையான வரலாற்றகராதி ஒன்று உருவாக்கப்படுமாயின், அது சமய வரலாற்றுக்கும் தமிழ்ச் சொற்பொருள் ஆய்வுக்கும் ஒருசேரப் பயன்படும்.